கணையாழி இல்லாத மறதி

நோயாளியைப் பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கொண்டு வந்த பழத்தையும் ஹார்லிக்ஸையும் ஜன்னலில் வைத்துவிட்டுக் கட்டிலருகே குனிந்து, கொஞ்சம் உரக்க, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்பார்கள். பதில் வந்தால் அவர்கள் முகத்தில் ஒரு வெற்றி. வராவிட்டால் என் பக்கம் திரும்பி, "ஆளே அடையாளம் தெரியலையே, பாவம்" என்பார்கள், படுத்திருப்பவளுக்குக் காதும் போய்விட்டதைப் போல. என் தாயார் தன் கடைசி ஆறு வருஷங்களிலும் இந்தப் பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கேள்வியை ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? கதைக்காரர்களாகிய நாம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சகுந்தலையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாச பாரதத்தில் வருகிற துஷ்யந்தன் எதையும் மறக்கவில்லை. தெரிந்துகொண்டே தெரியாது என்கிறான். அவனை நல்லவனாக்க வேண்டிக் காளிதாசன் துர்வாசரின் சாபத்தையும் ஒரு மோதிரத்தையும் கொண்டு வந்தான். மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைத்த மாத்திரத்தில் அரசனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் அன்று முதல், மறதி என்று ஒன்று வந்தால் எங்கேயோ ஒரு மோதிரமும் இருந்தாக வேண்டும் என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். சேதுக்கரையில் பிறந்த எங்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் ஒரு படி அதிகம். அநுமன் கடலைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கணையாழிதானே!

நம் சினிமாவும் இந்த மோதிரத்தை விடவில்லை. 1982-இல் வந்த பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வைத்துக் காப்பாற்றுகிறார். அவளுக்குக் குணமாகிறது, குணமானதும் அவரைத் தெரியாமற் போகிறது. கடைசியில் ரயிலடியில் குரங்காட்டம் ஆடிக் காட்டுகிறாரே, அதைப் பார்த்து அழாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நானும் அழுதேன். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு பார்த்தபோது, வேறொரு கேள்வி முளைத்தது. அவ்வளவு நாள் சோறூட்டித் தலைவாரிவிட்ட அன்பு, கடைசியில் "என்னைத் தெரிகிறதா?" என்று ரசீது கேட்டுத்தானே நிற்கிறது? அந்த உறவினர்கள் கேட்டதையே அவரும் மழையிலும் சேற்றிலும் நின்று கேட்கிறார். கலைஞன் உண்மையைத்தான் காட்டினான், சந்தேகமில்லை. நாம்தான் அந்த ரசீதையே அன்பு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

டாக்டர் கேட்பது வேறு. இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அல்ஸைமர், 1901-இல் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரியில் 51 வயதுப் பெண் ஒருத்தியின் அருகே உட்கார்ந்து, பெயர் என்ன, கணவன் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தார். காணாமற் போயிருந்த அந்தக் காகிதக் கட்டு 1995-இல் அகப்பட்டது. அவருக்கு அது தொழில். வீட்டில் இருப்பவனுக்கு அந்தக் கேள்வித்தாள் எதற்கு?

நானும் பரீட்சை வைத்தவன்தான். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் யோக்கியமாக இராது.

அப்பாவுக்குத் தனுஷ்கோடியில் ரயில்வே குமாஸ்தா வேலை. கல்யாணமாகி அம்மா குடித்தனம் நடத்தியதும் அங்கேதான். 1964 டிசம்பரில் என்னைப் பெறுவதற்காக ராமநாதபுரம் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்க அப்பாவும் வந்திருந்தார். 22-ந் தேதி இரவுப் புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் ஜனங்களோடு கடலில் போயிற்று. எங்கள் வீட்டில் மிஞ்சியது, அம்மா பெட்டியில் கொண்டு வந்திருந்த நாலு புடைவைகள்.

நோய் வந்ததும் அம்மா ஐம்பது வருஷங்களைத் தாண்டித் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டாள். நேற்று நடந்தது முதலில் போகும், நெடுநாளையது கடைசியில் போகும் என்பது இந்த நோயின் நடை. ராமேசுவரம் எக்ஸ்பிரஸை எங்கள் பக்கத்தில் இன்றும் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள். அதிகாலையில் அதன் ஊதல் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, "மெயில் வந்தாச்சா? அப்பா சாப்பிட வந்துடுவாரே" என்பாள். நான் படித்தவன், பொய் சொல்லலாகாது என்று வளர்ந்தவன். "அப்பா போய்ப் பதினாறு வருஷமாச்சும்மா. தனுஷ்கோடியே இல்லை" என்றேன். அவள் அப்போதுதான் கேள்விப்பட்டவளாக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மத்தியானம் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். ஒரே நாளில் ஒருத்தியை இரண்டு தடவை விதவையாக்கிய சத்தியம் அது.

இதைவிட மோசமாக ஒன்றும் செய்தேன். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ரயிலடிவரை நடந்துவிட்டாள். மறுநாள் முதல் வாசற்கதவை வெளியே பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தேன். பூட்டை இழுத்துப் பார்க்கும்போது ஏர்வாடி நினைவு வந்தது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். பலருடைய கால்களில் சங்கிலி. அவர்களை அங்கே கொண்டு வந்து விட்டவர்கள் தாய் தகப்பன்மார், அண்ணன் தம்பிமார். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒரு காலத்தில் நானே மேடையில் பேசியிருக்கிறேன். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்துவிட்டது, நல்லதுதான். அலுத்துப்போன ஒரு மனிதனின் கை தாழ்ப்பாளைத் தேடுவதைச் சட்டம் என்ன செய்யும்? கதைதான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கதை என்ன பார்த்தது? 2018-இல் வந்த '60 வயது மாநிறம்' கன்னடப் படத்தின் தழுவல். மறதி நோயுள்ள தகப்பனார் காணாமற் போகிறார்; மகன் தேடுகிறான்; தேடுகிற வழியில் தகப்பனை அறிந்துகொள்கிறான். பிரகாஷ்ராஜ் அருமையாக நடித்திருக்கிறார். ஆனால் காணாமற் போனால்தான் கதை என்றால், காணாமற் போகாமல் வீட்டிலேயே இருக்கிறவர்களை எழுதுவது யார்? இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று 2023-இல் ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். அவர்களில் அநேகர் எங்கும் போவதில்லை. கட்டிலிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து கட்டிலுக்கும் போகிறார்கள்.

இதே பிரகாஷ்ராஜ் 2015-இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் எதிர்ப்பக்கம் நின்றார். அதில் அவர் நோயாளியின் கணவன், கணபதி. மனைவி பவானியாக லீலா சாம்ஸன். படம் இளசுகளின் காதலைப் பற்றியது. கிழவர்கள் இருவரும் அதற்கு ஓரத்தில்தான். இங்கேயும் பவானி ஒரு நாள் தொலைந்து போகத்தான் செய்கிறாள், அந்தத் தேடலும் சின்னவர்கள் கல்யாணத்துக்குத்தான் பயன்படுகிறது. அதைக் குறையாகவே சொல்வேன். ஆனாலும் கணபதி அந்த வீட்டுக்குள் நடமாடுகிற விதத்தில் நான் வேறெங்கும் காணாத ஒன்று இருந்தது. அவர் ரசீது கேட்கவில்லை. மனைவி கேட்டதையே கேட்கும்போது அவர் முகத்தில் தியாகி என்ற விளம்பரம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் பூட்டை எடுத்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பகுதி உண்மை. மற்றப் பகுதி, பக்கத்து வீட்டு அம்மாள் காலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்கார ஒப்புக்கொண்டது.

பதில்களையும் மாற்றினேன். ஒரு நாள் விடிகாலை ஊதல் கேட்டது.

"தம்பி, மெயில் வந்தாச்சா?"

"இன்னும் மண்டபம் தாண்டலைம்மா. பாம்பன் பாலத்தைத் தூக்கியிருக்காங்க. கப்பல் போகுது."

"அப்ப நேரமிருக்கு" என்றாள். தட்டிலிருந்த இட்டிலியில் பாதியைப் பிட்டு என் பக்கம் தள்ளினாள். "ராத்திரி டூட்டியா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கே. உட்கார்ந்து சாப்பிடு."

எந்தப் போர்ட்டர் பையன் என்று நினைத்தாளோ. நான் கேட்டுக்கொள்ளவில்லை.