திராய் அகழியும் காந்தமானி ஆய்வும்

மண்ணுள் மறைந்தவற்றை அகழ்வதற்கு முன்னரே உய்த்துணரப் புவி இயற்பியல் முறைகள் துணைபுரிகின்றன. அத்துணையின் எல்லை யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. துருக்கி நாட்டு இசார்லிக் மேட்டில், ஹோமர் பாடிய திராய் நகரெனப் பலரும் கொள்ளும் இடத்தில், நிகழ்ந்த ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும்.

1988 முதல் அங்கு அகழாய்வை நடத்தியவர் செருமானியப் பேராசிரியர் மான்பிரெட் கோர்ப்மான். கோட்டைக்கு வெளியே கீழ்நகரம் ஒன்று பரந்திருந்தது என்பது அவர் கொள்கை. காந்தமானி கொண்டு நிலத்தை அளந்தபோது, கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் நீண்டதொரு கோடு புலப்பட்டது. தீயில் வெந்த மண்கற்களால் ஆகிய நகர்மதில் என அதற்குப் பொருள் கூறினர். 1993 இல் அகழ்ந்தபோது வெளிப்பட்டது மதில் அன்று. பாறையில் வெட்டப்பட்ட அகழி.

கருவி பிழைபட்டதோ எனின், இல்லை. வெந்த மண் ஆறும்பொழுது காந்தத்தன்மை ஏற்கும். மேல்மண்ணும் அடிப்பாறையாகிய சுண்ணாம்புக் கல்லினும் மிக்க காந்தத்தன்மை உடையது. ஆதலின் மண் தூர்ந்த அகழியும் வெந்த சுவர் போன்றே படத்தில் தோன்றும். கருவி காட்டியது வேறுபாடு ஒன்றையே. மதில் என்பது கண்டோர் இட்ட பெயர். இலியத் புகழும் மதில் அவர்தம் நெஞ்சில் முன்னரே எழுந்து நின்றது போலும்.

ஏட்டுச்சுவடி பயின்றார்க்கு இது புதிதன்று. புள்ளியிடாத ஏட்டில் எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. எழுத்து ஒன்றே, பாடம் இரண்டு. பிற ஏடுகளை ஒப்புநோக்காது தாம் விரும்பிய பாடத்தையே துணிதல் பதிப்பாசிரியர்க்கு ஒவ்வாது. காந்தப் படத்திற்கு ஒப்புநோக்கும் ஏடு அகழ்குழியே.

இதுகொண்டு இம்முறையை இகழ்தலும் பொருந்தாது. அளவை நிகழாதிருப்பின் அகழி இருக்குமிடம் எளிதிற் புலப்பட்டிராது. எனினும் அகழி கண்டமையால் வழக்கு முடியவில்லை. 2001 இல் அதே தூபிங்கன் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் பிராங்க் கோல்ப், அஃது அரண் என்பதையும் கீழ்நகரின் பெருமையையும் மறுத்தார். அகழியின் இருப்பை அகழ்ந்து காட்டலாம். அதன் பயனை அவ்வாறு காட்டல் இயலாது.

எங்கு அகழ்வது என்பதைக் கருவி கூறும். உள்ளது யாது என்பதை அகழாய்வு கூறும். எதன்பொருட்டு என்பதோ பிற சான்றுகளோடு இயைத்து வாதிட்டுத் துணிதற்குரியது. முதலாவதன் உறுதியை மூன்றாவதற்கு ஏற்றிக் கூறாமை ஆய்வாளர் கடன் என்பதே எம் கருத்து.