சட்டை போட்ட நாயும் சாலைக்குழி எலியும்

2018ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக்கு இரண்டு வகை மொசைக் விலங்குகள் வந்து சேர்ந்தன. ஆண்டின் நடுவில் ஒரு எலி, ஒரு கரப்பான்பூச்சி, ஒரு புறா. இவை சாலைக்குழிகளுக்குள் வந்தன. யாரும் கேட்கவில்லை, யாரிடமும் அனுமதி வாங்கவும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் இரண்டு நாய்கள் வந்தன. இவை சுரங்க ரயில் நிலையத்தின் சுவரில், போக்குவரத்து நிர்வாகமே அழைத்து, காசு கொடுத்துப் பதித்தவை. இந்த இரண்டையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம்.

அதற்கு முன்னால் சொல் பற்றி ஒன்று. நம் வீடுகளில் 'மொசைக் தரை' என்று சொல்வது வேறு சமாச்சாரம். அது சிமெண்டில் சலவைக்கல் சிப்ஸைக் கலந்து கொட்டி, மிஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவது. சிப்ஸ் எங்கே விழுமோ அங்கே விழும். நான் இங்கே பேசுவது ஒவ்வொரு சில்லையும் கையால் வெட்டி, இது இங்கேதான் என்று முடிவுசெய்து ஒட்டுகிற வேலை. அந்த 'இங்கேதான்' தான் மொத்தக் கலையும்.

முதலில் எலி. இதைச் செய்தவர் ஜிம் பாச்சோர், சிகாகோக்காரர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். இத்தாலிக்குப் போய்ப் பாம்பேயின் பழைய தரைகளைப் பார்த்து மயங்கி, ராவென்னாவில் மொசைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். 2013இல் அவர் தெருவில் ஒரு குழி. நகராட்சி தார் போடும், மழையும் பனியும் பெயர்க்கும், மறுபடி தார். (இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) அவர் அந்தக் குழியைச் சிமெண்டால் நிரப்பி அதன்மேல் ஒரு மொசைக்கைப் பதித்தார். அப்புறம் பூக்கள், ஐஸ்கிரீம்கள் என்று சிகாகோ முழுக்கப் போட்டார். 2020இல் பெருந்தொற்று வந்தபோது டாய்லெட் பேப்பர் சுருளும் கைகழுவும் திரவமும். நியூயார்க் வரிசைக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'நியூயார்க்கின் பீடைகள்'. எலி, கரப்பான், புறா ஆகியவற்றோடு அப்போதைய அதிபர் டிரம்ப்பின் முகத்தையும் சேர்த்திருந்தார். கூடவே ஒரு பூங்கொத்து.

பாச்சோரின் பலம் தேர்வில் இருக்கிறது. ரோமானியர்கள் கடவுளுக்கும் போர்க்களத்துக்கும் பயன்படுத்திய அதே கண்ணாடியையும் சலவைக்கல்லையும் எடுத்து, நாம் காலால் தள்ளிவிடுகிற பொருளுக்குக் கொடுப்பது. நகைச்சுவை உடனே வேலை செய்கிறது. ஆனால் உடனே வேலை செய்வதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அவருடைய சித்திரங்களில் விளம்பரக்காரரின் கை தெரியும்: தெளிவான புறக்கோடு, தட்டையான நிறம், நடுவில் ஒரே பொருள். கார் போகிற வேகத்தில் பார்க்க அது சரியான முடிவு. நின்று குனிந்து பார்த்தால்? சில்லுகள் புறக்கோட்டை நிரப்புகின்றன, அவ்வளவுதான். எலியின் முதுகு எங்கே வளைகிறது, மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று அவை பெரிதாக யோசிப்பதில்லை. அது எலி என்கிற சின்னம். ஒரு குறிப்பிட்ட எலி இல்லை. எலிக்கு அது போதும்ங்கறீங்களா? இருக்கலாம். ஆனால் நாய்க்குப் போதாது.

ஏன் என்றால் வளர்ப்புப் பிராணியின் உருவப்படம் என்பது மேற்கத்திய மொசைக் கலைஞர்களில் பலருக்குச் சோறு போடுகிற வேலை. பொதுச்சுவர் வேலை எப்போதாவது வரும். நாய், பூனைப் படம் கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களில் பலர் செத்துப்போன பிராணியின் புகைப்படத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு 'ஒரு நாய்' வேண்டாம். 'எங்க நாய்' வேண்டும். ஒரு காது மட்டும் மடங்கியிருந்தது, நெற்றியில் வெள்ளை கொஞ்சம் கோணலாக இருந்தது, இதெல்லாம் வந்தாக வேண்டும்.

இந்த வேலையில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சில்லுகளின் ஓட்டம். வரிசை வரிசையாக அவை எந்தத் திசையில் போகின்றன என்பது. மனித முகத்தில் இது பெரிய தலைவலி. கன்னத்தில் வரிசை தப்பினால் சுருக்கம் விழுந்த மாதிரி ஆகிவிடும். நாய்க்கு மயிர் இருக்கிறது, மயிருக்குத் திசை இருக்கிறது. மூக்கின் மேலிருந்து நெற்றிக்கு ஏறி, கண்ணைச் சுற்றிப் பிரிந்து, காதுக்குப் பின்னால் இறங்குகிறது. சில்லை அதன்படி வைத்தாலே பாதி நாய் வந்துவிடும். நிறமே இல்லாமல்கூட வரும். இரண்டாவது, கண்ணில் விழும் ஒளிப்புள்ளி. ஒரே ஒரு வெள்ளைச் சில்லு. அரிசியில் பாதி இருக்கும். அது அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் நாய் வேறு எங்கேயோ பார்க்கும். இல்லாவிட்டால் பொம்மை. கருப்பு நாய் என்றால் இன்னும் சிரமம்; வெறும் கருப்புச் சில்லுகளை அடுக்கினால் சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். கருநீலமும் காப்பிக்கொட்டை நிறமும் ஊடே கலக்க வேண்டும்.

நான் பார்த்த நாய்ப்படங்களில் கணிசமானவை தோற்பது ஒரே காரணத்தால். புகைப்படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, அந்தந்தச் சாம்பலுக்கு அந்தந்தச் சில்லு என்று வைத்துவிடுகிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் போட்டோ. கிட்டே போனால் ஒன்றுமில்லை. கல்லுக்கு அதில் வேலையே இல்லை, அச்சு இயந்திரம் செய்திருக்கலாம்.

இந்த இடத்தில் 23ஆம் தெரு நாய்களுக்கு வருகிறேன். வில்லியம் வெக்மன் புகைப்படக்காரர், ஓவியர். மொசைக் கலைஞர் அல்ல. 1970களில் தன் முதல் வைமரானர் நாயை வைத்துப் படமும் வீடியோவும் எடுக்க ஆரம்பித்தார். அதற்கு மேன் ரே என்று ஒரு கலைஞரின் பெயரையே வைத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த நாய்களும் அவர் வீட்டில் இதே வேலை பார்த்தன. சுரங்க ரயில் நிலையத்தில் இருப்பவை ஃப்ளோ, டாப்பர் என்ற இரண்டு நாய்கள். மொத்தம் 11 மொசைக்குகள். சிலவற்றில் சட்டையும் மழைக்கோட்டுமாக, மனிதர்களைப் போல நிற்கின்றன. ரயிலுக்குக் காத்திருக்கிற பயணிகள் மாதிரி. நடைமேடையில் உங்கள் பக்கத்தில் நிற்கக்கூடிய ஆள் போடுகிற சாதாரண உடைதான், பகட்டு கிடையாது. வேறு சிலவற்றில் முகம் மட்டும்.

புகைப்படத்தைச் சில்லுகளாக்கியது ஜெர்மனியில் மியூனிக்கின் மேயர் பட்டறை, 1847இல் தொடங்கியது. நியூயார்க்கில் 72ஆம் தெரு நிலையத்தில் விக் முனீஸின் ஆளுயர மனிதர்களை 2017 தொடக்கத்தில் எல்லாரும் படம் பிடித்துப் போட்டார்களே, அதுவும் இவர்கள் கைவேலைதான். பாராட்டு எல்லாம் வெக்மனுக்குப் போகிறது. நாய்கள் அவருடையவை, யோசனை அவருடையது, சரி. ஆனால் மூக்கின் ஈரம் எந்தச் சில்லில் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்தது மியூனிக்கில் உட்கார்ந்திருந்த யாரோ. அந்தப் பெயர் சுவரில் இல்லை. ரோமானியத் தரைகளில் பெரும்பாலானவற்றிலும் செய்தவர் பெயர் இல்லைதான், இது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது: உடை போட்ட நாய்களைவிட வெறும் முகங்கள்தான் மேல். சட்டை போட்ட நாய் ஒரு ஜோக். நல்ல ஜோக்தான், முதல் தடவை நிச்சயம் சிரிப்பு வரும். ஆனால் இது அருங்காட்சியகம் இல்லையே. வேலைக்குப் போகிற ஒருத்தர் வாரத்துக்கு ஐந்து நாள், காலையும் மாலையும், இதே நாயைப் பார்க்கிறார். ஐந்நூறாவது தடவை அந்த ஜோக் என்ன ஆகியிருக்கும்? சட்டையின் மடிப்புகளில் சில்லுகள் துணியைத்தான் பின்தொடர்கின்றன. நாய்க்கு முகம் மட்டும் மிஞ்சுகிறது. முகம் மட்டும் இருக்கிற படங்களில் அப்படி இல்லை. வைமரானருக்கு மயிர் குட்டை, நிறம் சாம்பல். அந்தச் சாம்பல் ஒரே சாம்பல் இல்லை, வெளிச்சத்துக்கு ஏற்பப் பழுப்புக்கும் ஊதாவுக்கும் போய்வருவது. கண்ணாடிச் சில்லுக்கென்றே பிறந்த நிறம். அங்கே வரிசைகள் எலும்பைத் தொடர்கின்றன. சலித்துப்போன முகம் அது, எதையும் வேடிக்கை காட்டவில்லை. ரயில் தாமதமாகிற அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்கலாம்.

வீட்டு நாயின் படம் தெருவுக்கு வந்தால் அதன் கதை போய்விடுகிறது. ஃப்ளோ யார், டாப்பர் யார் என்று நடைமேடையில் நிற்பவருக்குத் தெரியாது. அந்த இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? வெக்மன் உடையைக் கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறார். பாச்சோர் யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் தெரிந்த பிராணியைப் பிடித்துக்கொண்டு பிரச்சினையையே தவிர்த்துவிடுகிறார். இரண்டுக்கும் மேலான ஒரு பதில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே இருக்கிறது.

எகிப்தில் அலெக்சாந்திரியாவின் புதிய நூலகத்தைக் கட்டத் தோண்டியபோது, 1993இல் ஒரு தரை கிடைத்தது. கிரேக்க ஆட்சிக்காலத்துத் தரை, பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டு. அதன் நடுவில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டை. பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது ஒரு வெண்கலச் சாடி. பார்க்கிறவரை நிமிர்ந்து பார்க்கிறது. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டு நாயை ஞாபகப்படுத்துகிற இருப்பு. ஆனால் அது குரலைக் கேட்டது, இது திட்டுக்குக் காத்திருக்கிறது. சாடியைத் தட்டிவிட்டது இதுதான் என்று நமக்குத் தெரிகிறது, அதற்கும் தெரிகிறது. சில்லுகள் மிகச் சின்னவை, தூரிகைக் கோடுபோல் ஓடுகின்றன. நாயின் பெயர் தெரியாது. யாருடையது என்று தெரியாது. ஆனால் இது 'ஒரு நாய்' இல்லை, ஒரு வீட்டில் ஒருநாள் மாட்டிக்கொண்ட இந்த நாய். சட்டை தேவைப்படவில்லை. ஒரு கவிழ்ந்த சாடி போதுமாயிருந்தது.

பாம்பேயில் இதற்கு நேர் எதிரான நாய்கள் இருக்கின்றன. துன்பியல் கவிஞரின் வீடு என்று அழைக்கப்படும் வீட்டின் வாசலில் சங்கிலியோடு பல்லைக் காட்டுகிற கருப்பு நாய், கீழே 'நாய் ஜாக்கிரதை' என்று லத்தீனில். எல்லாரும் பார்த்திருக்கும் படம் இது. நம் ஊர் கேட்டில் தொங்குகிற தகரப் பலகையின் கொள்ளுத்தாத்தா. அங்கே ஆர்ஃபியஸ் வீடு என்று இன்னொன்று உண்டு. அதன் வாசல் தரையிலும் ஒரு காவல் நாய் மொசைக் இருந்தது, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1874இல் அதே வீட்டில் தோண்டியபோது ஒரு நிஜ நாயின் தடம் கிடைத்தது. எரிமலைச் சாம்பல் இறுகி, உடல் மக்கிப் போய், வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் சாந்தை ஊற்றி எடுத்தார்கள். கழுத்துப்பட்டை தெரியும். கால்கள் மேலே, உடல் முறுக்கிக்கொண்டு. 79ஆம் ஆண்டு அந்த நாளில் அதை யாரும் அவிழ்த்துவிடவில்லை.

ஒரே வீடு. கல்லில் செய்த நாய் எச்சரிக்கைப் பலகை, எந்த நாயாகவும் இருக்கலாம். சாந்தில் வார்த்த நாய், அதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. செத்த நாயின் போட்டோவோடு மொசைக் கலைஞரிடம் வருகிற ஆள் கேட்பது முதலாவதை அல்ல என்பது மட்டும் நிச்சயம். இந்த வேலையை 'நாய்க்குட்டி வியாபாரம்' என்று கலைவட்டாரத்தில் சிலர் இளக்காரமாகப் பேசுவது எனக்கு ஒத்துக்கொள்ளாததும் அதனால்தான். பொதுச்சுவரில் நிகழாத ஒன்று அந்தச் சின்னப் பலகைகளில் சில சமயம் நிகழ்ந்துவிடுகிறது.

ஆயுள் கணக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கல்லும் கண்ணாடியும் வெளுக்காது என்பதுதான் பாச்சோருக்கு மொசைக் பிடித்துப்போகக் காரணம். ஆனால் அவர் அதை வைக்கிற இடம் தார்ச்சாலை. மறுபடி சாலை போடும் நாளோடு எலியின் கதை முடிந்தது. வெக்மனின் நாய்கள் சுவர் இருக்கும்வரை இருக்கும். இத்தனைக்கும் நியூயார்க் சுரங்க ரயிலில் எலிதான் நிரந்தரவாசி. நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் ஏதாவது பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ அடைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது விதி. வைமரானரை எந்தப் பைக்குள் அடைப்பது? அந்த ஊர்க்காரர்கள் பெரிய பெரிய நாய்களை மளிகைப் பைக்குள் இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போகிற படங்கள் இணையத்தில் கிடக்கின்றன, பாருங்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நாய்களைப் பார்க்க ஆறாவது அவென்யூவில் இருக்கிற 23ஆம் தெரு நிலையத்தில் இறங்க வேண்டும், எஃப் அல்லது எம் ரயில். நகரத்தில் 23ஆம் தெரு என்ற பெயரில் வெவ்வேறு தடங்களில் ஐந்து நிலையங்கள் உண்டு. தப்பித்தவறி பிராட்வே தடத்தில் இருப்பதில் இறங்கிவிட்டால் நாய் இருக்காது, தொப்பிகள் இருக்கும். கீத் கோடார்ட் 2002இல் செய்தது. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் நடமாடிய பிரபலங்களின் தொப்பிகளை, அவரவர் உயரத்தில், மொசைக்கில் பதித்திருக்கிறார். தலையே கிடையாது. கீழே போய் நின்றால் உங்கள் தலை சரியாக உட்காரும்.