பதினைந்தாம் பாசுரம்

மார்கழியில் விரும்பிக் கேட்கும் இசை எது என்றால், யோசிக்காமல் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை என்பேன். அதைக் கேட்டபடி நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்த ஆண்டுகளில் அம்மா வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை.

தெருமுனைப் பெருமாள் கோவிலில் விடியும் முன்பே ஒலிபெருக்கியில் கேசட்டைப் போட்டுவிடுவார்கள். முப்பது பாசுரங்களும் வரிசையாக வரும். அப்பா சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்பார். ராகத்தின் பெயரை உரக்கச் சொல்வார். அம்மாவுக்கு ராகம் தெரியாது, வரிசை தெரியும். மூன்றாம் பாட்டுக்குள் புள்ளி வைத்து முடித்திருக்க வேண்டும். சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிவிட்டு உள்ளே வரும்போது ஏழாவது, பைரவி, ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் பால் பொங்கியாக வேண்டும். அப்பாவுக்கு அது சங்கீதம், அம்மாவுக்குக் கடிகாரம். (அப்பா 'கேட்பார்', அம்மா 'போட்டாள்' என்றே எழுதுகிறேன். என் தமிழும் அந்த வீட்டில் கற்றதுதான்.)

இந்த மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்குரிய அதே ஐந்து கன ராகங்கள். விடிகாலையில் ஒருத்தியை ஒருத்தி கூவி அழைத்துக்கொண்டு நீராடப் போகும் பெண்பிள்ளைகளின் பாட்டு, இப்படித்தான் உட்கார்ந்து கேட்கும் பாட்டாயிற்று. உட்கார நேரம் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆண்டாளின் சொல்லில் எங்கும் 'நாம்', 'நாங்கள்'. பதிவில் நம் காதில் தங்குவதோ ஒரே குரல். முன்பெல்லாம் இதைப் பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஒற்றைக் குரல் எளிதாக மேடைக்கு வந்ததல்ல. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, சங்கீத கலாநிதி விருதை ஒரு பெண்ணுக்குத் தர 1968 ஆயிற்று, அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. வசந்தகுமாரிக்கு 1977. அவருடைய தாய் லலிதாங்கியும் பாடகிதான். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியாக வளர்ந்தவர், புரந்தரதாசர் பதங்களையும் சினிமாப் பாட்டையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தார். திருப்பாவையில் எனக்குப் பிடித்தது அந்தத் தொண்டையின் துறுதுறுப்பு. பக்தியில் குழைந்து கரைந்துவிடாமல், வேலை இருக்கிறது வா என்று இழுக்கிற குரல்.

அது முழுதாக வெளிப்படுவது பதினைந்தாம் பாசுரத்தில், பேகடையில். ஆறாவதிலிருந்து தோழிகளை எழுப்பிக்கொண்டே வருகிறார்கள். அதுவரை உள்ளே இருப்பவளின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. இங்கேதான் ஒருத்தி வாய் திறக்கிறாள். சள்ளென்று கூப்பிடாதீர்கள், வருகிறேன் என்கிறாள். உன் வாய் எங்களுக்குத் தெரியாதா என்று வெளியே இருப்பவர்கள் மடக்க, நீங்கள்தான் கெட்டிக்காரிகள், போகட்டும், நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று திருப்புகிறாள். உரைகாரர்கள் அந்தக் கடைசிச் சொல்லில் வைணவனின் பணிவைக் கண்டார்கள். எனக்குக் கேட்பது, தூக்கம் கலைந்த ஒரு பெண்ணின் எரிச்சலும் கிண்டலும். இரண்டு பக்கத்தையும் ஒரே குரலில் கேட்கும்போது, எழுப்புகிறவளும் எழ மறுப்பவளும் ஒருத்திதானோ என்று தோன்றிவிடுகிறது.

ஆண்டாளோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இரண்டாம் பாசுரத்தில் நெய் வேண்டாம், பால் வேண்டாம், மையும் பூவும் வேண்டாம் என்று நோன்பு தொடங்குகிறது. இருபத்தேழாம் பாசுரத்தில், பூர்விகல்யாணியில், முழங்கை வழிய நெய்யோடு பால்சோறு வந்துவிடுகிறது. எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டுக்கொள்ளப்போகும் நகைகளின் பட்டியல்கூட இருக்கிறது. சமைத்தது யார்? அந்த நாளில் எங்கள் வீட்டில் வெண்கலப் பானையின் முன் நின்று அரிசியும் வெல்லமும் கிளறிக்கொண்டிருந்தவளுக்குப் பூர்விகல்யாணியின் ஒரு பிடியாவது காதில் விழுந்திருக்குமா?

போன மார்கழியில் அம்மா என்னோடு இருந்தாள். முழங்கால் வலியில் கோலம் நின்றுவிட்டிருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன். முதல் சில பாட்டுகளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. நடுவில் எழப் பார்த்தாள். பதினைந்தாவது வந்தபோது சிரித்துவிட்டாள்.

"உள்ள இருக்கறவ என்னமா பதில் சொல்றா பாரு! இத்தனை வருஷம் எனக்குக் கேக்கவே இல்லையே."

பதினாறாவது மோகனத்தில் தொடங்கியது. "இது வேண்டாம்டி, முந்தினதையே இன்னொரு தடவை போடு" என்றாள்.