புது டயர் எப்போதும் ஜெயிக்கும்: என் மதிப்புரையை நானே திரும்பப் படித்தபோது

போன நவம்பரில் இங்கே ஒரு டயர் மதிப்புரை எழுதியிருந்தேன். என் 350 சிசி வண்டிக்கு முன்னும் பின்னும் புதுசாக டூரிங் டயர் மாட்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, குன்னூர், பர்லியார் வழியாக இறங்கி, அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதி முடித்தது. "ஈரத்திலும் பசை மாதிரி ஒட்டுகிறது" என்று அதில் ஒரு வரி. நிறையப் பேர் படித்தார்கள். என் அக்கா பையனும் படித்தான்.

அவன் அதே டயரை வாங்கினான். மாட்டின மறுநாள் காலை கோத்தகிரி சாலையில் மூடுபனி, தூறல். ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்துவிட்டான். காலர் போன் முறிவு, ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. பார்க்கப் போனபோது கோபமெல்லாம் படவில்லை. "மாமா, பசை மாதிரி ஒட்டும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான்.

விழுந்ததற்கு டயர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வளைவில் யூகலிப்டஸ் இலை கிடந்ததாம், வேகமும் கொஞ்சம் கூடத்தானாம். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எதையுமே என் கட்டுரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, யாரோ எழுதினதைப் படிப்பது மாதிரி அதைத் திரும்பப் படித்தேன். நான்கு தப்பு கண்ணில் பட்டது. இதே தப்புகள் நான் பார்த்த பெரும்பாலான டயர் மதிப்புரைகளிலும், வீடியோக்களிலும் இருக்கின்றன.

முதல் தப்பு ஒப்பீட்டில். கழற்றிப் போட்ட டயர் 16,000 கி.மீ. ஓடினது. நடுப்பகுதி தட்டையாகி, வண்டியைச் சாய்த்தாலே முரண்டு பிடிக்கும். அதற்குப் பதிலாக எந்தக் கம்பெனியின் உருண்டையான புது டயரைப் போட்டிருந்தாலும் வண்டி வெண்ணெய் மாதிரித்தான் திரும்பியிருக்கும். மழுங்கின அரிவாள்மனையில் ஒரு வருஷம் காய் நறுக்கிவிட்டு, புதுசு வாங்கினதும் அந்தக் கடையைப் புகழ்வது போலத்தான் இதுவும். நான் சோதித்தது பழைய டயரின் கேட்டை. புதுசின் தரத்தை இல்லை. ஆபீஸில் ஒரு ஜூனியர், சர்வரையும் மென்பொருளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "புது மென்பொருள் வேகமா ஓடுது சார்" என்று அறிக்கை கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். என் சொந்தக் கட்டுரையை மட்டும் எப்படி விட்டேன்?

சரியான கேள்வி, இந்த டயர் பாதி தேய்ந்தபிறகு ஈரத்தில் எப்படி நிற்கும் என்பது. இப்படி யோசிக்கவே முடியாது என்றில்லை. மிஷ்லின் கம்பெனி 2018 வாக்கில் ரோடு 5 டயரைக் கொண்டுவந்தபோது, 5,000 கி.மீ.க்கு மேல் ஓடிய ரோடு 5, புத்தம்புது பைலட் ரோடு 4 நிற்கிற அதே தூரத்தில் ஈரத்தில் நிற்கும் என்று விளம்பரம் செய்தது. அதுவும் கம்பெனி சொல்வதுதான், அப்படியே நம்பவேண்டாம். ஆனால் தேய்ந்ததையும் புதுசையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்களே, கேள்வி அதுதான்.

இரண்டாவது தப்பு, முதல் 150 கி.மீ. பற்றி ஒரு வரிகூட எழுதாதது. அச்சிலிருந்து வந்த புது டயரின் மேல்தோல் வழவழவென்று இருக்கும். சாலையில் கொஞ்சம் உரசி, தோல் சொரசொரப்பானால்தான் உண்மையான பிடிப்பு வரும். டயரின் வடிவமும் மாறியிருப்பதால் வண்டி நாம் பழகினதைவிடச் சட்டென்று சாயும். அதனால் முதல் 100 மைல், நம் கணக்கில் 160 கி.மீ., நிதானமாக ஓட்டச் சொல்வது வழக்கம். நான் சமவெளியில் இரண்டு நாள் ஓட்டிவிட்டுத்தான் மலையேறினேன். அதை எழுத மறந்தேன். அவன் கடையிலிருந்து நேராக மலைக்குப் போனான்.

மூன்றாவது, காற்று. "மலைக்குப் போகும்போது 2 பி.எஸ்.ஐ. குறைத்தேன்" என்று பெருமையாக எழுதியிருந்தேன். பஞ்சர் கடையில் காலங்காலமாகச் சொல்வதுதான். இந்தத் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. குறைகிறது. அதனால் கீழே 29 அடித்த டயர், மேலே கேஜில் 32 காட்டவேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால், குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 3 பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். கூட்டிக் கழித்தால் மறுபடி 29தான்! அன்று நான் குறைத்த 2 பி.எஸ்.ஐ. எதையும் சரிசெய்யவில்லை. பெட்டிச்சாமானோடு காற்றுக் குறைந்த டயரில் மலையிறங்கினேன், அவ்வளவுதான்.

நான்காவதுதான் பெரிய தப்பு. "15,000 கி.மீ. தாராளமாக வரும்" என்று முடித்திருந்தேன். டூரிங் டயர் என்றாலே நாம் முதலில் கேட்பது ஆயுசைத்தான். நடுவில் கெட்டி ரப்பர், ஓரத்தில் மெது ரப்பர் என்று இரண்டு கலவையில் செய்வதற்கும் அதுதான் காரணம். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது நடு தேயாது, வளைவில் சாய்ந்தால் ஓரம் பிடிக்கும். கோயம்புத்தூர்–சென்னை ஓட்டத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் மலையில் இறங்கும்போது வளைவுக்கு முன்னால் வண்டி நிமிர்ந்து நிற்கும்போதுதான் பிரேக் பிடிக்கிறோம். அப்போது சாலையில் பதிந்திருப்பது அந்தக் கெட்டி நடுப்பகுதி.

இதில் எவ்வளவு பணயம் என்று பார்க்கலாம். 1899இல் குன்னூருக்கு ரயில் போட்ட பொறியாளர்கள், 12.5 அடிக்கு 1 அடி ஏறும் அந்தச் சரிவில் உராய்வை மட்டும் நம்பவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம் போட்டார்கள். நமக்குப் பல் கிடையாது, டயருக்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதே சரிவில், 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது பிரேக் போடுவதாக வையுங்கள். ஈரச் சாலையில் உராய்வுக் குணகம் 0.5 என்றால் 15 மீட்டரில் நிற்கும். 0.4 என்றால் 20 மீட்டர் கிட்ட ஆகும். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு இன்னோவாவின் நீளம். எதிரே வளைவில் தேயிலை லாரி திரும்பிக்கொண்டிருக்கும்போது எந்த 5 மீட்டர் முக்கியம்? 15,000 கி.மீ.யா 12,000 கி.மீ.யா என்பது அப்போது ஞாபகத்துக்கே வராது.

சரி, அந்த 0.5, 0.4 எந்த டயருக்கு எவ்வளவு? கடையில் கேட்டால் கிடைக்காது. கார், லாரி, பஸ் டயர்களுக்கு ஈரப் பிடிப்பு, உருளும் தடை, சத்தம் மூன்றுக்கும் வரம்பு வைத்து 2022 ஜூனில் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. ஏஐஎஸ் 142 என்பது அந்தத் தரத்தின் பெயர். இரண்டு சக்கர டயர் அதில் இல்லை. ஐரோப்பாவில் ஒட்டும் டயர் லேபிளிலும் மோட்டார் சைக்கிள் இல்லை. நான்கு சக்கரத்தில் நிற்கும் வண்டிக்கு எண் உண்டு, இரண்டு சக்கரத்தில் சாய்ந்து போகிறவனுக்கு "டூரிங்" என்று ஒரு சொல் மட்டும். அந்தச் சொல்லுக்கு எந்தத் தர அளவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். எண் இல்லாத அந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்களின் "பசை மாதிரி" வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது என் டயர் 7,000 கி.மீ. தாண்டியாச்சு. போன மாசம் அதே பாதையில், தூறலில், காற்றைக் குறைக்காமல் போய் வந்தேன். காய்ந்த சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்தில், முன் பிரேக்கில் ஏபிஎஸ் முன்பைவிடச் சீக்கிரம் துடிக்கிற மாதிரி இருந்தது. "மாதிரி" என்றுதான் சொல்ல முடியும். புதுசாக இருந்தபோது நின்ற தூரத்தை டேப் வைத்து அளந்திருந்தால் இன்று ஒப்பிட்டிருக்கலாம். அளக்கவில்லை. இந்தத் தடவை காலியான சமதளச் சாலை ஒன்றில், ஈரத்தில், 30 கி.மீ. வேகத்திலிருந்து பத்து தடவை நிறுத்தி அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த செட் மாட்டி, 7,000 ஓடினபிறகு அதே இடத்தில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. டயரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு ஆள், ஒரு வண்டி, ஒரு நாள் அனுபவத்தை வைத்து அந்தக் கம்பெனியைப் புகழவும் எனக்கு உரிமையில்லை, திட்டவும் இல்லை. இனி டயர் மதிப்புரை படிக்கும்போது இதைப் பாருங்கள்: எத்தனை கி.மீ. ஓடினபிறகு எழுதினார்? ஈரத்தில் ஓட்டினாரா? முன்னால் இருந்த டயர் எந்த நிலையில் இருந்தது? பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைச் சொன்னாரா? 2224 என்றால் 2024ஆம் வருஷம் 22ஆம் வாரம் செய்தது. கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயருக்குப் பூ மட்டும் புதுசாக இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும்.

அக்கா பையன் மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டான். விழுந்ததில் முன் ரிம் வளைந்ததால் அந்த டயரையும் மாற்றவேண்டி வந்தது. மாட்டின அன்று நானும் கூடவே போனேன். மலைப்பக்கம் திரும்பவே இல்லை. மேட்டுப்பாளையம்–சத்தியமங்கலம் சாலையில் இரண்டு தடவை போய் வந்து, சிறுமுகையில் டீ குடித்துவிட்டு, டயரைத் தடவிப் பார்த்தோம். வழவழப்பு போயிருந்தது. "இப்ப எழுதுங்க மாமா" என்றான்.