வெள்ள வரைபடங்களும் பல்துறைக் கூட்டுழைப்பும்

தரவுக் காட்சிப்படுத்தல் என்பது, எண்களாகக் கிடக்கும் செய்தியைப் பார்த்ததும் விளங்கும்படி படமாக்குவது. இதற்கு அளப்பவர், கணிப்பவர், வரைபவர் ஆகியோருடன் படத்தைப் பயன்படுத்துபவரும் சேர வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் படம் குறைபடும். சென்னையின் வெள்ள வரைபடங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

முன்னோடி

கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த வீரர்களே அதிகம். இதைக் காட்டும் புகழ்பெற்ற வட்ட விளக்கப்படத்தை 1858இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்டார். மருத்துவமனையில் அவர் கண்டதும், புள்ளியியலர் வில்லியம் ஃபார் தந்த கணக்கு முறையும் அதில் இணைந்தன. யாருக்குக் காட்ட வேண்டும் என்பதும் முன்பே தெளிவாக இருந்தது. ராணுவச் சுகாதாரத்தை மாற்றும் அதிகாரம் கொண்டவர்களுக்காகவே அந்தப் படம் வரையப்பட்டது.

2015: மக்கள் வரைந்த படம்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர் தண்ணீர். 49 செ.மீ. என்றால் 49 கோடி லிட்டர். ஆனால் எந்தத் தெருவில் நடக்க முடியும் என்பதை இந்த எண் சொல்லாது. அந்நாட்களில் வரைபட வடிவமைப்பாளர் அருண் கணேஷ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு ஒரு வெள்ள வரைபடத்தை உருவாக்கினார். தண்ணீர் தேங்கிய சாலையை யார் வேண்டுமானாலும் அதில் தொட்டுக் குறிக்கலாம். வரைபவரும் பயன்படுத்துபவரும் சேர்ந்ததே இதன் பலம். ஆனால் தண்ணீர் எவ்வளவு ஆழம், எப்போது வடியும் என்பதை அந்தக் குறி சொல்லவில்லை. வெள்ளம் வந்த பிறகே படமும் நிரம்பியது.

2019: அறிஞர்கள் வரைந்த படம்

இதற்கு மறுபக்கம் சி-ஃபுளோஸ் எனப்படும் சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு. ஐ.ஐ.டி. மும்பை, ஐ.ஐ.டி. சென்னை, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்களும், பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் இதில் இணைந்து உழைத்தனர். மழை முன்னறிவிப்பு, கடல் ஓதம், நீர்மட்டம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைச் சேர்த்து, வெள்ளம் எங்கே சூழும் என்று முன்கூட்டியே கணிப்பது இதன் சிறப்பு. 2015இன் படத்தில் இல்லாத அறிவியல் இதில் உண்டு. ஆனால் நிர்வாகத்தினர் முடிவெடுக்க உதவுவதே இதன் நோக்கம். தெருவில் இருப்பவர் இதன் முதல் வாசகர் அல்லர்.

ராஜகீழ்ப்பாக்கத்தின் கேள்வி

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள ராஜகீழ்ப்பாக்கம் ஒரு ஏரித்தொடரின் நடுவே அமைந்த ஊர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகள் இத்தொடரைச் சேர்ந்தவை. இவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை நோக்கி ஓடுகிறது. இங்கே ஒரு தெருவில் நீர் நிற்பதற்கு மேலே உள்ள ஏரியின் வரத்தும் கீழே உள்ள கால்வாயின் அடைப்பும் காரணமாகலாம்.

ஆனால் வானிலைத் துறையின் எச்சரிக்கை மாவட்ட வாரியாக வருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் தாம்பரத்துக்கும் மதுராந்தகத்துக்கும் ஒரே நிறம்தான். தண்ணீரோ மாவட்ட எல்லையையும் வார்டு எல்லையையும் பார்த்து ஓடுவதில்லை. நீரியலாளர் மீட்டரில் சொல்லும் ஆழத்தைக் குடியிருப்பவர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றே அறிவார். ஏரிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே நீல நிறம் தீட்டினால், எது எப்போதும் இருக்கும் நீர், எது புதிதாக வந்த நீர் என்பதும் விளங்காது. எல்லை, அளவு, நிறம் ஆகிய மூன்றும் பார்வைக்கு அழகு சேர்ப்பதற்கான தேர்வுகள் அல்ல. வயதானவர்களை இருட்டுவதற்குள் மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றுவதா என்ற முடிவு அவற்றைப் பொறுத்தே அமைகிறது.

மதிப்பீடு

2015இன் படத்தில் மக்கள் இருந்தனர், முன்கணிப்பு இல்லை. 2019இன் அமைப்பில் முன்கணிப்பு உண்டு, மக்களின் இடம் குறைவு. கூட்டுழைப்பு என்பது பல துறைகளின் பெயர்களை ஓர் அறிக்கையில் சேர்ப்பதோடு முடிவதில்லை. ஏரித்தொடரை அறிந்த நீரியலாளரும், நிறத்தையும் எழுத்தையும் அறிந்த வடிவமைப்பாளரும், சென்ற மழையில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று சொல்லக்கூடிய குடியிருப்பாளரும் முதல் வரைவிலேயே ஒன்றாக அமர வேண்டும். இன்றிரவு இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதற்கு விடை தரும் வரைபடமே முழுமையானது.