கோப்பில் ஏறாத ஆணைகள்

விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று தமிழ்நாடு காவல்துறையின் முன்னாள் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2021 பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது குற்றம். புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட அந்தப் பெண்ணின் காரைப் பரனூர் சுங்கச்சாவடியில் மறித்ததற்காக, அப்போதைய செங்கல்பட்டு காவல் கண்காணிப்பாளருக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விழுப்புரம் மாவட்ட முதன்மை நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. அதன் பிறகு வழக்கு மேல் நீதிமன்றங்களுக்குப் போனது.

இந்த வழக்கைப் பாலியல் துன்புறுத்தல் வழக்காகவே பேசுகிறோம். அது சரிதான். ஆனால் பரனூரில் நடந்ததைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் பெருஞ்சாலையில், பட்டப்பகலில், சீருடைக்காரர்கள் ஒரு பெண் அதிகாரியின் காரை நிறுத்துகிறார்கள். அங்கேயே கைப்பேசியில் அந்த உயரதிகாரியோடு பேச அவர் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றும் வழக்கில் சொல்லப்பட்டது. ‘புகார் கொடுக்கப் போகிறவரை வழியில் நிறுத்துக’ என்று எந்த அலுவலகமும் குறிப்பாணை எழுத முடியாது. ந.க. எண் போட்டு, தேதி போட்டு, கையெழுத்திட்டு அப்படி ஒன்றை வெளியிட முடியாது. எழுத முடியாத ஆணைக்குக் கைப்பேசி போதுமானதாக இருந்தது.

பாதிக்கப்பட்டவர் சட்டம் அறிந்த ஐ.பி.எஸ். அதிகாரி. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. இவ்வளவும் சேர்ந்த பிறகே அந்தச் சில நிமிடங்கள் நீதிமன்ற ஆவணமாயின. இதில் எதுவும் இல்லாத பெண்ணுக்குக் கைப்பேசியில் வரும் ஆணை எங்கே பதிவாகும்? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. திண்டிவனத்தைச் சுற்றி ஒலக்கூர், மயிலம், மரக்காணம். மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் இங்கே ஊரக உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. பதவிகளில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதிப் பெண்களுக்கான ஒதுக்கீடும் அதற்குள் உண்டு. சட்டம் பெண்ணை நாற்காலிக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் நாற்காலி இருந்த அறையே வேறிடத்துக்கு மாறிவிட்டது. கூட்டத் தேதி, ஆய்வுக்கு வரும் அதிகாரியின் பெயர், எந்த வேலைக்கு எப்போது முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்ற கெடு ஆகியவை இப்போது முதலில் வருவது வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழுவில் தலைவியின் பெயரில் இருக்கும் எண் பல ஊர்களில் கணவருடையது, இல்லையென்றால் மகனுடையது. தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்து வேண்டும். குழுவில் அதுகூட வேண்டாம், வேறொருவர் போடும் கட்டைவிரல் படம் போதும். மனைவிக்குப் பதில் கணவர் பதவி வகிப்பதைத் தடுக்க ஒன்றிய ஊராட்சித் துறை அமைத்த குழு, கடும் தண்டனை வேண்டுமென்று 2025-இல் பரிந்துரைத்தது. தண்டனைக்கு முன்னால் எளிமையான ஒரு காரியம் இருக்கிறது. அலுவலகத் தகவல் போகும் எண் யாருடையது என்று ஒன்றிய அலுவலகம் சரிபார்க்கலாம்.

அரசு அலுவலக நடைமுறை என்றாலே நமக்குச் சலிப்பு வரும். தபால் பதிவேடு, தன்பதிவேடு, அனுப்புகைப் பதிவேடு, பச்சை மையில் ஒரு கையெழுத்து. ஏழைப் பெண்களை அலைய வைத்ததும் இதே பதிவேடுகள்தான். ஆனாலும் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. யார் சொன்னார், என்று சொன்னார், யார் கைக்குப் போனது என்று காட்டிவிடும். வாட்ஸ்அப் குழு இந்தக் குணத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது. இரவு பத்து மணிக்கு வரும் கட்டளைக்கு எண் கிடையாது. ஐம்பது பேர் பார்க்க ஓர் அங்கன்வாடிப் பணியாளரைக் கடிந்துகொள்ளும் குரல் பதிவு, மறுநாள் காலையில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகிவிடும். வாட்ஸ்அப் 2020 நவம்பரில் தானாக மறையும் செய்திகளைக் கொண்டுவந்தது. இன்று 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். ஓர் அரசுக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. இங்கே அதை முடிவு செய்வது குழுவை நடத்துபவரின் விரல்.

மேலிருந்து வரும் ஆணை மறைகிறது என்றால், கீழே இருக்கும் பெண் மறைகிறாளா? இல்லை. அவள் இடைவிடாமல் பதிவாகிறாள். நூறு நாள் வேலைத் தளத்தில் 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். செயலி கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இடமும் நேரமும் குறித்து ஏற்ற வேண்டும். ஏற்றுவது பணித்தளப் பொறுப்பாளரின் வேலை. படம் ஏறாவிட்டால் வெயிலில் மண் வெட்டிய பெண்ணின் கூலி ஆபத்துக்குள்ளாகும். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறையே, சம்பந்தமில்லாத படங்களும் படத்தைப் படமெடுத்து ஏற்றுவதும் நடக்கின்றன என்று சுற்றறிக்கை விட்டது. அதற்கு அது சொன்ன தீர்வு, இன்னும் அதிகமாகப் படங்களைச் சரிபார்ப்பது. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கவரும் கர்ப்பிணிக்கு, 2025 ஜூலை முதல் போஷன் டிராக்கரில் முகப்பதிவு. குடிமகளின் முகம் அரசிடம் இருக்கிறது. அவளுக்கு மாவு இல்லை என்று சொல்ல வைத்த அதிகாரியின் செய்தி அரசிடமே இல்லை.

பெண்ணைப் பற்றிய பதிவு பத்திரமாகவும் இருப்பதில்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரது விவரங்களோடு வெளியே பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்பு விசாரணைக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ரகசியமாக இருக்க வேண்டியது கைப்பேசிதோறும் போனது. பொதுவில் இருக்க வேண்டியதோ கைப்பேசிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ‘தொழில்நுட்பப் பழக்கம்’ என்று இதை ஒதுக்கிவிட முடியாது. யாருக்குத் தனிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதில் ஏற்கெனவே இருக்கும் பாகுபாடுதான் இதிலும் வேலை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997-இல் தமிழ்நாடு தகவல் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 2(எஃப்)-இல், ஆவணம், குறிப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றோடு எந்த மின்னணு வடிவில் உள்ள தரவையும் ‘தகவல்’ என்கிறது. அலுவல் சார்ந்த வாட்ஸ்அப் செய்தி அதற்குள் வரும் என்று வாதிட இந்தச் சொற்களே போதும். ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பிரிவு 20-இன்படி, ஒருவர் கேட்ட பிறகு தகவலை அழித்தால்தான் அபராதம், நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை. யாரும் கேட்பதற்கு முன்பே ஏழாம் நாள் தானாக அழிந்துபோன செய்திக்கு இந்தப் பிரிவில் பதில் இல்லை. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், விதிக்குப் புறம்பாக ஆவணத்தை அழித்தால் ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. கணினியோ வேறு கருவியோ உருவாக்கியதும் அதில் ஆவணமே. ஆனால் அது ஒன்றிய அரசுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் உரிய சட்டம். திண்டிவனத்தில் பேருந்து ஏறிப் புதுச்சேரியில் இறங்கினால் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுவோம். திண்டிவனத்திலுள்ள மாநில அரசு அலுவலகத்துக்கு அது பொருந்தாது.

கதவு மேலும் குறுகுகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-ஐத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க முடியும். இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம். பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்னும் பிரிவு 8(2) எஞ்சியிருக்கிறது, அவ்வளவே. தன் சொந்தக் கைப்பேசியில் நடத்தும் அரசுக் குழுவைத் ‘தனிப்பட்டது’ என்று ஓர் அதிகாரி சொல்வது இனி எளிதாகும்.

பெண்கள் மேலே வந்துவிட்டால் இது மாறும் என்று நம்பலாமா? ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சராக இருந்த நிக்கோலா ஸ்டர்ஜன், கொரோனா காலத்து வாட்ஸ்அப் செய்திகளை வைத்திருக்கவில்லை என்று 2024 ஜனவரியில் விசாரணை ஆணையத்தில் ஒப்புக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன், தடுப்பூசி ஒப்பந்தக் காலத்தில் ஃபைசர் நிறுவனத் தலைவரோடு பரிமாறிய குறுஞ்செய்திகளைப் பத்திரிகை கேட்டது. இல்லை என்றது ஆணையம். ஏன் இல்லை என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கம் தரவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. இருவருமே பெண்கள். நாற்காலியில் பெண் அமர்வது நம் கோரிக்கையின் பாதி. அவர் தடம் விட்டு ஆள வேண்டும் என்பது மறுபாதி. ஸ்காட்லாந்து அரசு இறுதியில் அலுவல் பணிக்கு இத்தகைய செயலிகளை நிறுத்துவதாக அறிவித்தது.

நாமும் தடை கேட்க வேண்டுமா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. பக்கத்துக் கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டது, 2020 அக்டோபரில் ஒரு படம் கைப்பேசிகளில் பரவியதால்தான் உலகுக்குத் தெரிந்தது. எழுதப் படிக்க வராத பெண்ணுக்குக் குரல் பதிவுதான் மனு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியபோது, கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் அதே மழையில்தான் பதிவின் தேவையும் தெரிந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் தென்பெண்ணையில் இறங்கி, விழுப்புரம் மாவட்டத்துக் கரையோர ஊர்களை மூழ்கடித்தது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. முறையாக எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். மேலிருந்து எச்சரிக்கை புறப்பட்டது மட்டும் கேள்வியன்று. எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, யார் எண்ணில் வந்து சேர்ந்தது? இரவில் குழந்தையையும் மாட்டையும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த பெண்ணுக்கு அது எப்போது எட்டியது? கடைசி மைல்வரை எழுதி வைத்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.

ஆகவே கேட்க வேண்டியது பதிவு. வாட்ஸ்அப்பில் சொன்ன ஆணையை அடுத்த வேலை நாளுக்குள் ந.க. எண்ணோடு கோப்பில் ஏற்ற வேண்டும். ஏறாத ஆணையை நிறைவேற்றவில்லை என்று யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காவல்துறை வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அந்தக் குறைந்தபட்ச மரியாதை அங்கன்வாடிப் பணியாளருக்கும் உரியது. அலுவல் குழுவில் மறையும் செய்தி வசதி கூடாது. தலைவியின் பெயரில் தலைவியின் எண்ணே இருக்க வேண்டும். புகார் தரும் பெண்ணின் படமோ பெயரோ எந்தக் குழுவிலும் வரக் கூடாது.

அரசு இவற்றைச் செய்யும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் ஊர்ப் பணித்தளத்துக்கோ அங்கன்வாடிக்கோ வந்த ஒரு கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாட்ஸ்அப் செய்தியைத் தாருங்கள்’ என்று மட்டும் கேட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில் வரும். ‘இன்ன தேதியில் சொல்லப்பட்ட இந்த ஆணை எந்தக் கோப்பில், எந்த எண்ணில், யார் கையெழுத்தில் இருக்கிறது? நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கோப்பு இருந்தால் நகல் வரும். ‘அப்படி ஓர் ஆணை எங்கள் கோப்பில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அந்த ஆணையின் பெயரால் கூலி இழந்த பெண்ணின் மேல்முறையீட்டில் அதுவே முதல் ஆவணமாக இருக்கும்.