சதுரங்கப் புதிரும் சிருஷ்டி நியாயமும்

சதுரங்கம் ஆடுகிறவர்கள் நம்மிடையே அநேகர். பத்திரிகையில் வரும் சதுரங்கப் புதிர்களை விடுவித்துப் பார்க்கிறவர்கள் அவர்களில் ஒரு பகுதி. சொந்தமாகப் புதிர் கட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். இந்தச் சிலரைப் பற்றி ஆட்டக்காரர்களுக்கு இருக்கிற அபிப்பிராயம் அவ்வளவு உயர்வானதல்ல. எதிரே ஆள் இல்லை, கடிகாரம் இல்லை, தோல்வி இல்லை. தானே காய்களை வைத்துத் தானே ஜெயித்துக்கொள்வதும் ஒரு காரியமா என்று கேட்கிறார்கள். நாவல் எழுதுகிறவனிடமும் இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்டு. உலகத்தில் நடக்கிறதே போதாதென்று நடக்காததை வேறு எதற்கு எழுத வேண்டும் என்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். 'வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்' என்று ஒரு புதிரின் கீழே போட்டிருந்தால், கறுப்பு எப்படி ஆடினாலும் இரண்டாவது நகர்த்தலில் மேட் விழுந்தாக வேண்டும். அந்த முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்றாலும் காரியம் ஆகும் என்று யாராவது காட்டிவிட்டால் புதிர் செத்துப்போயிற்று. முதல் நகர்த்தலே செக் சொல்வதாகவோ, எதிரியின் காயை வெட்டுவதாகவோ இருப்பது நாகரிகமல்ல. பலகையில் இருக்கும் ஒவ்வொரு காய்க்கும் வேலை இருக்க வேண்டும். காய்கள் நிற்கிற நிலை, ஒழுங்கான ஓர் ஆட்டத்தில் எப்படியாவது வந்திருக்கக் கூடிய நிலையாகவும் இருக்க வேண்டும்.

யாப்பிலக்கணம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தளை தட்டினாலும் கவிதை கவிதையாக இருந்துவிட முடியும். புதிரில் அது முடியாது. கறுப்புக்கு ஒரே ஒரு தப்பும் வழி விட்டுப்போனாலும் பிறகு மிச்சமிருப்பது சில மரக்காய்கள்தான்.

புதிர் கட்டுகிறவன் பெரும்பாலும் முடிவிலிருந்துதான் புறப்படுகிறான். கறுப்பு ராஜா சிக்கிக்கொண்டு நிற்கிற ஓர் அழகான கடைசிக் காட்சி அவன் மனசில் இருக்கிறது. அதிலிருந்து வெள்ளையின் காய் ஒன்றைப் பின்னால் எடுக்கிறான். எங்கிருந்து அது வந்திருக்க முடியும்? அதற்கு முன்னால் கறுப்பு என்ன செய்திருக்கும்? ஏன் செய்தது? வேறொன்று செய்திருந்தால்? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் முதல் நிலைக்கு வந்து சேருகிறான். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் பலகை பூராவும் ஓட்டையாக இருக்கும். ராஜா ஒரு பக்கம் நழுவுகிறது. வெள்ளைக்கு வேண்டாத இரண்டாவது விடை ஒன்று முளைக்கிறது. ஓட்டையை அடைக்க ஒரு சிப்பாயை வைக்கிறான். அந்தச் சிப்பாயால் இன்னொரு வழி அடைபட்டுப்போகிறது. அதைத் திறக்க யானையை ஒரு கட்டம் தள்ளுகிறான். இப்படியே நாள் கணக்கில் போகும், சில சமயம் வருஷக் கணக்கிலும் போகும்.

இங்கேதான் கலைஞனும் கைவேலைக்காரனும் பிரிகிறார்கள். ஓட்டைக்கு ஒரு சிப்பாய் என்று அடைத்துக்கொண்டே போனால் எந்தப் புதிரையும் ஒருவாறு நிற்க வைத்துவிடலாம். பார்க்கத்தான் சகிக்காது. கதாநாயகி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக மட்டும் ஒரு மாமாவை ஊரிலிருந்து வரவழைத்து, காரியம் ஆனதும் அவரை மறந்துவிடுகிற நாவல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அந்த மாமா ஓட்டை அடைக்க வைத்த சிப்பாய். நல்ல புதிர்க்காரன் சிப்பாயை வைக்காமல், நிலையையே பக்கவாட்டில் ஒரு வரிசை நகர்த்திப் பார்ப்பான். நகர்த்தினால் பலகையின் விளிம்பே அந்தச் சிப்பாயின் வேலையைச் செய்துவிடுவதும் உண்டு.

சரித்திரத்திலிருந்து மூன்று நான்கு உதாரணங்களை எடுத்துக்கொள்ளலாம். 1845ல் லண்டனில் ஸ்டாண்டன் நடத்திய சதுரங்கப் பத்திரிகையில் ஒரு புதிர் வெளிவந்தது. அனுப்பியவர் டில்லியில் பாதிரியாக இருந்த லவ்டே என்ற ஆங்கிலேயர். 'ஷாகிர்து' என்ற புனைபெயரில் அனுப்பியிருந்தார். சிஷ்யன் என்று அதற்கு அர்த்தம். வெள்ளை நேராகப் போய் நெருக்கினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய், ஆட்டம் ஸ்டேல்மேட்டில் சமனாகிவிடும். அதனால் வெள்ளை தன் பிஷப்பை ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டி வெகுதூரம் பின்வாங்க வைக்கிறது. பிறகு அந்தக் கட்டத்திலேயே தன் யானையைக் கொண்டுவந்து வைத்து, தன் பிஷப்பின் பாதையைத் தானே மறைக்கிறது. கறுப்பு ராஜாவுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. அது நகர்ந்ததும் யானை விலக, மறைந்திருந்த பிஷப் செக் கொடுக்கிறது. அதுவே மேட்.

பின்வாங்குவதும், தன் பலத்தைத் தானே மறைத்துக்கொள்வதும் ஜெயிக்கிற வழியாக இருக்க முடியும் என்பதுதான் அந்தப் புதிர் சொன்ன புது விஷயம். வேடிக்கை என்னவென்றால், லவ்டே கட்டிய நிலையில் பல விடைகள் இருந்தன. சட்டப்படி பார்த்தால் அது செத்துப்போன புதிர். ஆனால் அதன் கருத்து சாகவில்லை. 'இந்தியப் புதிர்' என்று அதற்குப் பெயர் வந்தது. 58 வருஷங்கள் கழித்து, 1903ல், கோட்ஸ், காக்கெல்கார்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அதைப் பற்றியே ஒரு புஸ்தகம் எழுதினார்கள். அதிலிருந்து ஒரு புதிய மரபே கிளம்பிற்று. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு தெளிவான நோக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். உருவத்தில் ஊனம், உள்ளே உயிர் என்று சில ஆரம்பகாலத் தமிழ் நாவல்களைப் பற்றி நாம் சொல்லுகிறோமே, அதே கதைதான். ஊனத்தை ஊனம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லிவிட்டதாலேயே விமர்சகனின் வேலை முடிந்துவிடுவதில்லை.

இதற்கு நேர் எதிரானது அமெரிக்கரான சாம் லாய்டின் புகழ்பெற்ற புதிர். 1861ல் அச்சேறியது, 'எக்ஸெல்ஸியர்' என்று பெயர். பலகையில் இருக்கிற காய்களில் எந்தக் காய் கடைசியில் மேட் செய்யாது என்று சொல்லும்படி லாய்டு ஒரு நண்பரிடம் பந்தயம் கட்டினார். ஆரம்பக் கட்டத்தை விட்டே அசையாமல் நிற்கிற ஒரு சிப்பாயை நண்பர் காட்டினார். அந்தச் சிப்பாய்தான் ஐந்து நகர்த்தலிலும் தானே நகர்ந்து, கடைசி வரிசையை எட்டி, உருமாறி மேட் செய்கிறது. பார்க்கிறவனுக்குக் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது கைதட்டல் கொஞ்சம் குறைகிறது. லாய்டு முதலில் யோசித்தது பந்தயத்தை. சதுரங்கம் அதற்குக் கருவி. நம்முடைய சித்திரகவிகளில், 64 கட்டத்தில் எழுத்துக்களை அடைக்கிற சதுரங்க பந்தத்தைப் பார்க்கிறபோது வருகிற வியப்பைப் போன்றது இது. முடியாததை முடித்துக் காட்டினான் என்பதைத் தவிர, முடித்ததால் நாம் எதைத் தெரிந்துகொண்டோம் என்று கேட்டால் பதில் சற்றுத் தயங்கித்தான் வருகிறது. கடைசி வரியில் திடுக்கிட வைக்கிற சிறுகதையும் இந்த ஜாதிதான். ஒரு தடவை படிப்பதற்கு ஏற்றது.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 1875ல் ஃபெண்டன், பாட்டர் என்ற இருவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் முடிவை வைத்து, 1895ல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் பார்பியே என்பவர் ஒரு நிலையை வெளியிட்டார். வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். பலகையில் மொத்தம் நாலே காய்கள். கறுப்பு ஆட்டத்தைச் சமன் செய்துவிடும் என்பது பார்பியேயின் கட்சி. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியாக மாறியதும், கறுப்பு தன் யானையைப் பலி கொடுக்கிறது. ராணி அதை வெட்டினால் மூலையில் நிற்கிற கறுப்பு ராஜாவுக்கு ஸ்டேல்மேட். நல்ல தந்திரம்தான். அந்த ஊரில் அப்போது வாழ்ந்த சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்: சிப்பாயை ராணியாக மாற்றாதே, யானையாக மாற்று. யானையாக மாறினால் ஸ்டேல்மேட் இல்லை. ஓரத்தில் மேட் பயமுறுத்துகிறது. அதைத் தடுக்க கறுப்பு யானை ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். வெள்ளை ராஜா ஒரு கட்டம் நகர்ந்ததும் அந்த யானைக்கும் ஆபத்து, இன்னொரு பக்கம் மேட்டும் காத்திருக்கிறது. வெள்ளை ஜெயிக்கிறது.

சாவெத்ரா பெரிய ஆட்டக்காரரல்ல. இந்த ஒரு நகர்த்தலால்தான் அவர் பெயர் நிற்கிறது. அந்த நகர்த்தலில் ஜாலவித்தை எதுவும் இல்லை. பெரியதை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தும், தேவைக்கு ஏற்ற சிறியதை எடுத்துக்கொள்வதுதான் சரி என்று அது சொல்கிறது. அதுவும், கறுப்பின் தந்திரம் மிக நல்ல தந்திரமாக இருப்பதால்தான் அந்தச் சிறியது தேவைப்படுகிறது. கறுப்பு முட்டாளாக ஆடியிருந்தால் ராணியே போதும். புதிரும் இல்லை, அழகும் இல்லை.

இங்கே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். நாவலாசிரியர் நபகோவ் சதுரங்கப் புதிர்கள் கட்டுவதில் தேர்ந்தவர். 1970ல் 53 கவிதைகளையும் 18 புதிர்களையும் ஒரே புஸ்தகமாகப் போட்டவர். புதிரில் உண்மையான போட்டி வெள்ளைக்கும் கறுப்புக்கும் அல்ல, புதிர் கட்டுகிறவனுக்கும் அதை விடுவிக்கிறவனுக்கும்தான் என்பது அவர் கொள்கை. நல்ல நாவலிலும் அப்படியே என்கிறார். அவ்வளவு பெரிய கலைஞரோடு மாறுபடுவதில் எனக்குச் சங்கோசம்தான். ஆனாலும் மாறுபடத்தான் வேண்டியிருக்கிறது. விடுவிக்கிறவனை ஏமாற்றுவதே குறி என்றால் லாய்டின் பந்தயத்தோடு கலை நின்றுவிடும். ஒரு தடவை ஏமாந்தவன் இரண்டாம் தடவை ஏமாறுவதில்லை. ஆனால் விடை தெரிந்த பிறகும் சாவெத்ராவின் நிலையை நூறு தடவை பார்க்கலாம். அங்கே போட்டி, கட்டுகிறவனுக்கும் கறுப்புக்கும் நடக்கிறது. கட்டுகிறவன் தன் மனசு பூராவும் வெள்ளையின் பக்கம் இருக்கும்போதே, கறுப்புக்காக உட்கார்ந்து, கறுப்பின் மிகச் சிறந்த பதிலைத் தேட வேண்டியிருக்கிறது. தேடாவிட்டால் யாரோ ஒருவன் நாளைக்குக் கண்டுபிடித்துவிடுவான். சிருஷ்டியில் நேர்மை என்பதற்கு இதைவிடக் கறாரான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாவல்களில் கறுப்பு எப்படி ஆடுகிறது? வில்லன் தேவையான நேரத்தில் கதவைத் தாழிட மறந்துவிடுகிறான். மாமியாருக்கு ஒரு நியாயமும் கிடையாது. பணக்காரன் பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் ஏழையின் அடுத்த வாக்கியத்துக்கு வசதி செய்து கொடுக்கிறது. ஆசிரியர் ஜெயிக்க விரும்புகிற கட்சி சிரமமில்லாமல் ஜெயிக்கிறது. நல்ல கட்சி என்பதற்காக நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சதுரங்கப் பத்திரிகையாக இருந்தால் ஆசிரியர் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்: கறுப்புக்கு இன்னொரு பதில் இருக்கிறது, பாருங்கள் என்று.

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1921ல் ரேத்தி வெளியிட்ட நிலையில் இரண்டு ராஜா, இரண்டு சிப்பாய், அவ்வளவுதான். வெள்ளை ராஜா எதிரியின் சிப்பாயைப் பிடிக்க முடியாத தூரத்தில் நிற்கிறது. தன் சிப்பாய்க்குத் துணை போகவும் நேரமில்லை. தனித்தனியே இரண்டும் முடியாத காரியம். குறுக்கே போகிற ஒரே பாதையில் இரண்டையும் சேர்த்துச் செய்யப் போகும்போது மட்டும் முடிகிறது, ஆட்டம் சமன். நேராகப் போனாலும் கோணலாகப் போனாலும் ராஜாவுக்கு நகர்த்தல் கணக்கு ஒன்றே என்கிற, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தின் மேல் கட்டியது அது. தெரிந்த விஷயத்தைத் தெரியாத விஷயமாகக் காட்டுவது மட்டமான கலைஞனின் வேலை. தெரிந்ததற்குள்ளேயே நாம் பார்க்காமல் விட்டதைப் பார்க்க வைப்பதுதான் ரேத்தி செய்தது.

இப்போதெல்லாம் இந்தச் சோதனைகளைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளுக்கு முழு விடையும் 2012லேயே கணக்கிட்டாகிவிட்டது. பழைய மேதைகள் கட்டிய எத்தனையோ நிலைகளில் ஓட்டை இருப்பதை யந்திரம் காட்டிக் கொடுத்திருக்கிறது. இனி மனிதனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் கவலை இல்லை. ஒரு நிலை சரியா, தப்பா என்று யந்திரம் சொல்லும். எந்த நிலை பார்க்கத் தகுந்தது என்று தேர்ந்தெடுக்கிற வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. சரியான நிலைகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. இலக்கணப் பிழையில்லாத வாக்கியங்களும் அப்படித்தான் கிடக்கின்றன.

சொந்தமாகப் புதிர் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, விஷயம் அறிந்தவர்கள் சொல்கிற யோசனை எளிமையானது. ஐந்தாறு காய்களோடு ஆரம்பியுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு முடிவிலிருந்து பின்னால் வாருங்கள். ஒரு காயை எடுத்துவிட்டாலும் புதிர் நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் நான் சேர்க்கக் கூடியது ஒன்றே. பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, உங்களை ஜெயிக்கவிடக் கூடாது என்ற கங்கணத்தோடு, ஒரு சாயங்காலம் முழுவதும் கறுப்பாக உட்காருங்கள். புதிர் தேறுகிறதோ இல்லையோ, கதை எழுதுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.